பூ போன வழி

ஐப்பசி பிறந்தால் எனக்கு ஆற்றங்கரையில் நடந்தாக வேண்டும். ஏரலில் பிறந்தவள் நான். சின்ன வயதில், தீபாவளி எண்ணெய் தலையில் காய்வதற்குள் ஆச்சி என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பிவிடுவாள். தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பதற்காகவே அந்தப் போக்கு. "செங்காவியா வருதுட்டீ, மலையில நல்ல மழை" என்பாள். கரைமேல் இரண்டு பேர் கைகோத்து நடக்கிற அகலத்துக்குத் தடம் இருந்தது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாழை. இந்தத் தடம் எங்கே போகுது ஆச்சி என்று கேட்டால், "கடலுக்கு" என்பாள்.

கடல்வரை நாங்கள் ஒருநாளும் போனதில்லை. போகலாம் என்பது மட்டும் தெரியும். இப்போது ஓய்வூதியமும் நேரமும் கையில் இருக்கின்றன. கால் இன்னும் சொன்னபடி கேட்கிறது. போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினால் தடத்தைக் காணோம்.

போன ஐப்பசியில் தங்கை மகள் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தாள். "பெரியம்மா, நீங்க சொல்லிக்கிட்டே இருப்பியள்லா, அந்த ஆத்தங்கரை. ஒருநாள் நடந்துருவமா?" என்று அவள்தான் கேட்டாள். எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்! ஏரலில் தொடங்கி, வடகரையோடு உமரிக்காடு, கொற்கை, முக்காணி. முக்காணிப் பாலத்தில் ஆற்றைக் கடந்து ஆத்தூர், சேர்ந்தபூமங்கலம். அங்கிருந்து புன்னைக்காயல், கடல். ஒரு பகல் நடை. வரைபடத்தில் விரலால் தொட்டால் ஒரு சாண்கூட வராது. இரவே புளியோதரை கட்டி வைத்தேன்.

தூத்துக்குடியிலிருந்து முதல் பஸ். முள்ளக்காடு தாண்டியதும் உப்பளங்கள். வெயில் காலம் முழுக்க வெள்ளைவெளேரென்று கண்ணைப் பறித்த பாத்திகள் முதல் மழையில் கண்ணாடி மாதிரி கிடந்தன. அம்பாரங்களை மூடிவிட்டார்கள். ஒரு பாத்தியில் ஏழெட்டுப் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து நின்றன. மகள் சன்னலோடு ஒட்டிக்கொண்டாள். எனக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது.

நம்முடைய கூதிர் காலத்துக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். குளிர்நாடுகளில் இலை சிவந்து உதிர்வதைப் பார்க்க ஊர் திரண்டு கிளம்புகிறது. நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் ஈரத்தோடு துளிர்க்கிற மாதங்கள். பொதிகையில் பிறந்து, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, இதே தமிழ்நாட்டுக்குள்ளேயே கடலில் சேர்ந்துவிடுகிற ஆறு இந்தத் தாமிரபரணி. ஆனி, ஆடியில் தென்மேற்கு மழையும் ஐப்பசியில் வடகிழக்கு மழையும் இதற்குத் தண்ணீர் கொடுக்கின்றன. இரண்டாவது மழை இறங்கும்போது கரை மாறுவதைப் பார்க்க வேண்டும். நாணல் பூத்து நிற்கும். வேலிகளில் செங்காந்தள் நெருப்பாக ஏறியிருக்கும். தட்டான்கள் தலைக்குமேல் கூட்டமாகச் சுற்றும். வடக்கேயிருந்து வாலாட்டிக் குருவி வந்து ஈர மணலில் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும். கம்பிகளில் தகைவிலான்கள் வரிசை கட்டும். இதையெல்லாம் பார்க்க ஒரு ரூபாய் செலவில்லை. கால் வைக்க இடம் இருந்தால் போதும்.

அந்த இடம்தான் இல்லை.

ஏரலில் சேர்மன் அருணாசல சுவாமி கோயில் படித்துறையிலிருந்து கிழக்கே நடந்தோம். முதல் கால்மணி நேரம் நான் ஆச்சியோடு நடந்த அதே நடை. தண்ணீர் செங்காவி. நீர்க்காகம் ஒன்று கல்மேல் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. மகள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். "வேண்டாம்மா, போட்டுக்கோ" என்று சொல்லி வாய் மூடவில்லை. கரை முழுக்க உடைந்த பாட்டில். ஒன்றிரண்டு இல்லை. புல்லுக்குள், படியிடுக்கில், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கண்ணாடிச் சில்லு. ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து குடித்துவிட்டு, போகும்போது அதே ஆற்றங்கரையில் பாட்டிலை அடித்து உடைக்கிற கை எப்படிப்பட்ட கை? அங்கே குளிக்க வருகிற பிள்ளையின் கால் அவன் பிள்ளையின் கால் மாதிரிதானே இருக்கும்?

பெண்கள் இதை வேறு மாதிரி அனுபவிக்கிறோம். ஆம்பிளைகள் ஆற்றங்கரைக்குப் போய் வந்தேன் என்றால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நான் போகிறேன் என்றால், "தனியாவா? அங்கன என்னத்துக்கு?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பட்டப்பகலில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிற இடத்தைக் கடக்கும்போது எனக்கே நடை வேகமாகிறது. எங்கள் அம்மாக்கள் துணி துவைத்து, குளித்து, ஈரச்சேலையோடு குடம் தூக்கி வந்த கரை. ஊர்க்கதையெல்லாம் அங்கேதான் பேசினார்கள். குழாய் வீட்டுக்கு வந்தது நல்லதுதான். ஆனால் பெண்கள் கரையை விட்டு வந்த பிறகு அங்கே நமக்கு இடமே இல்லை என்று ஆகிவிட்டது. நான் பள்ளியில் வேலை பார்த்தபோது, ஜனவரியில் நடக்கிற தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு ஒருமுறை மாணவிகளைக் கூட்டிப்போனேன். 2011-இலிருந்து நடக்கிற நல்ல காரியம் அது. குளக்கரையில் நாமக்கோழியையும் நத்தைகுத்தி நாரையையும் எண்ணி எண்ணிப் பிள்ளைகள் துள்ளினார்கள். ஒன்பது மணிக்கு ஒருத்தி காதோடு வந்து, "டீச்சர், ஒதுங்க இடம்?" என்றாள். இல்லை. எண்ணிக்கையை அரைகுறையாக விட்டுவிட்டுத் திரும்பினோம். அந்தப் பிள்ளை என்னிடம் மன்னிப்புக் கேட்டது. இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

பாட்டிலைத் தாண்டினால் குப்பை. ஓர் ஊரின் குப்பை முழுவதும் கரைச் சரிவில் கொட்டி, பாதி எரிந்தும் எரியாமலும் புகைந்துகொண்டிருந்தது. கீழே தண்ணீரோரம் அமலைச் செடி பச்சைப் பாய் விரித்த மாதிரி. ஊதாப் பூவைப் பார்த்து மகள், "அழகா இருக்கு" என்றாள். அந்தப் பாய் எங்கே தடித்திருக்கிறதோ அங்கே சாக்கடை இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அவளிடம் சொன்னேன். கேமராவை உறைக்குள் வைத்துவிட்டாள்.

அதற்கு அப்பால் நடக்கவே முடியவில்லை. சீமைக்கருவேலம். உடங்காடு நம் மண்ணுக்குப் புதிதில்லை. குடை விரித்தாற்போல் நிற்கிற நாட்டு உடைமரம் தேரிக்காட்டுக்கு அழகு. இது அதுவல்ல. ஆற்றுக்குள்ளும் கரைமேலும் ஒரே வேலியாக மண்டி, தண்ணீர் பக்கத்தில் சலசலப்பது காதுக்குக் கேட்கும், கண்ணுக்குத் தெரியாது. மகள் கையில் இரண்டு இடத்தில் கீறல். திரும்பிவிடலாமா என்று நின்றபோது, வாழைத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் அரிவாளோடு வந்தார்.

"என்னம்மா, ஆட்டைத் தேடுதியளா?"

"இல்ல அண்ணாச்சி. சும்மா ஆத்தோட நடந்து கடலுக்குப் போலாம்னு."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஐயா அப்படித்தான் போவாரு. கருவாடு வாங்க. காலையில போனா மத்தியானம் வந்துருவாரு" என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் முன்னால் போய் வெட்ட ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் இருக்கும். எழுபது வயது மனிதர், யாரென்றே தெரியாத இரண்டு பெண்களுக்காக, ஊரைச் சேர்ந்த ஒரு வழியைத் தன் கையால் திறந்துகொண்டு போனார். வெட்டி ஒதுக்கிய இடத்தில் பழைய தடம் கிடந்தது. முள்ளுக்கு அடியில், கெட்டிப்பட்ட மண்ணாக, கைகோத்து நடக்கிற அதே அகலத்தில். நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன்.

அவரிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேட்காமல் வர முடியுமா? 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது நாடு முழுக்கச் செய்தி. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. ஏரல் கடைத்தெருவில் தண்ணீர் புகுந்து, எங்கள் சொந்தக்காரர் கடையில் ஒரு பொட்டலம் மிஞ்சவில்லை. பெரியவர் தன் வாழையைக் காட்டினார். "மொத்தமும் போச்சு. மண்ணு மூடிட்டு. இது புதுசா வச்சது." அப்புறம் அவர் சொன்னதைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்: "முன்ன ஆறு எங்கன ஒடஞ்சிருக்கு, எங்கன அரிச்சிருக்குன்னு ஊர்ல ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். தெனம் நடக்குத கரை. இப்ப எவன் போயிப் பாக்கான்?"

வெள்ளத்துக்குப் பிறகு எல்லோருக்கும் ஆறு என்றாலே பயம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் போகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். போகப் போகத்தானே ஆறு பழகும்? எங்கே கரை மெலிந்திருக்கிறது, எந்த மடை அடைத்திருக்கிறது, எவன் இரவோடு இரவாக மணல் அள்ளுகிறான் என்பதெல்லாம் நடக்கிறவன் கண்ணில்தான் படும். பத்துப் பேர் காலையும் மாலையும் நடக்கிற கரையில் லாரி இறங்குமா? 2023 ஏப்ரலில் இதே ஆற்றின் கரையில், முறப்பநாட்டில், மணல் திருட்டைப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலரை அவர் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து வெட்டிக் கொன்றார்கள். ஆளில்லாத கரையைக் காக்க ஒற்றை மனிதனை நிறுத்தினால் அவனுக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். தெரிந்த பிறகும் கரையை ஆளில்லாமலே விட்டுவைத்திருக்கிறோம்.

கொற்கைக்குப் போனபோது உச்சி வெயில். வெட்டிய தடம் பாதியில் நின்றுபோனதால் கடைசி ஒரு மைல் தார்ச்சாலையில்தான் வந்தோம். அங்கே ஒரு வன்னி மரம். முதுமையில் சாய்ந்து கிடந்தபடியே தழைத்திருக்கிறது. பக்கத்தில் அக்கசாலைப் பிள்ளையார் கோயில். பாண்டியனுக்கு நாணயம் அடித்த அக்கசாலை இங்கே இருந்ததாக ஊர் நம்புகிறது. மரத்தடியில் புளியோதரையைப் பிரித்தோம்.

மகளுக்கு நான் சொன்னது இதுதான். நீ உட்கார்ந்திருக்கிற இடம் துறைமுகம். கடல் இன்றைக்கு இங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஆனால் அன்றைக்குக் கப்பல் இங்கே வந்தது. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் குறிப்பில் கொல்கை என்ற பெயரில் இந்த ஊர் இருக்கிறது, முத்துக்குளிப்பும் இருக்கிறது. தண்டனை பெற்ற கைதிகளை முத்துக்குளிக்க இறக்கினார்கள் என்றுகூட அதில் எழுதியிருக்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளைச் சொல்லும்போது இந்த ஆற்றின் பெயராலேயே ஒரு முத்தைச் சொல்கிறது. தமிழகத் தொல்லியல் துறை 1960-களின் இறுதியில் இங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. எட்டாம் நூற்றாண்டு.

பிறகு ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டது. துறைமுகம் கடலைத் தேடிக் கிழக்கே நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து இறங்கிய காயல் அதுதான். இன்றைய பழையகாயல் பக்கம். 1870-களில் கால்டுவெல் ஐயர் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து எழுதினார். காயலும் தூர்ந்தது. போர்த்துகீசியர் காலத்தில் புன்னைக்காயல். தமிழில் அச்சுக்கு நூல் தந்த அன்றிக் அடிகளார் ஊழியம் செய்த ஊர். அதுவும் ஓய்ந்து தூத்துக்குடி. 1974-இல் இன்றைய பெருந்துறைமுகம். நான்கு துறைமுகங்கள் ஓர் ஆற்றின் வாயைப் பிடித்துக்கொண்டு நகர்ந்த கதை இது. அதைப் புத்தகத்தில் படிப்பதற்கும் கொற்கையில் கிளம்பிக் கடல்வரை காலால் நடந்து, "இவ்வளவு தூரம் கடல் பின்வாங்கியிருக்கிறது" என்று உணர்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்! உலகத்தில் எத்தனை ஊருக்கு இப்படியொரு நடை வாய்க்கும்? அரை நாளில் இரண்டாயிரம் ஆண்டைத் தாண்டுகிற நடை. நம் ஊர்ப் பிள்ளைகள் ஒருவரையாவது நாம் அந்த வழியில் நடத்திக் கூட்டிப்போனோமா? நடத்த வழியாவது இருக்கிறதா?

முக்காணிக்கு வந்தால் நெடுஞ்சாலை. பாலத்தில் லாரி போகும்போது காலடி அதிர்கிறது. முன்னால் பச்சை வேட்டி கட்டித் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள். கந்தசஷ்டி நெருங்கும் நாள். பாலத்தின் கைப்பிடியை ஒட்டி ஒற்றை வரிசையாக, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, காவடியை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்த மாவட்டம் நடக்கிற மாவட்டம். செந்தூருக்கு நடக்கிறார்கள், மணப்பாட்டுக்கு நடக்கிறார்கள், பனிமய மாதாவுக்கு நடக்கிறார்கள். சாதி மதம் எதுவானாலும் நேர்ச்சை என்றால் நம் சனங்களுக்குக் கால்தான். இவ்வளவு பேரையும் லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் விட்டிருக்கிறோம். நடைப்பயணிகள் மேல் வாகனம் மோதியது என்ற செய்தி வராத வருடம் உண்டா? வாசித்துவிட்டு உச்சுக்கொட்டி மடித்து வைக்கிறோம்.

பாலத்தைத் தாண்டி ஆத்தூர் வந்ததும் காற்றே மாறியது. கொடிக்கால்கள். அகத்திமேல் வெற்றிலைக் கொடி ஏறி, உள்ளே பகலிலேயே மங்கல், மண்ணில் குளிர்ச்சி. 2023-இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். ஆற்றுத் தண்ணீரும் வண்டலும் கடல்காற்றும் சேர்ந்து கொடுக்கிற காரம் அது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். வரப்பில் நின்று ஒரு அம்மா எனக்கு நாலு வெற்றிலை கிள்ளிக் கொடுத்தார். அந்த வரப்பு வழியாகவே ஆற்றங்கரைக்குப் போய்விடலாம் என்று பார்த்தால் குறுக்கே முள்கம்பி. கரைக்கும் அவர்கள் நிலத்துக்கும் நடுவில் யாரோ போட்ட வேலி. "யாரு போட்டா?" என்று கேட்டேன். அந்த அம்மா பதில் சொல்லாமல் வெற்றிலையை எண்ணிக்கொண்டிருந்தார். நானும் மறுபடி கேட்கவில்லை.

சேர்ந்தபூமங்கலத்தில் கைலாசநாதர் கோயில். அங்கே சொல்கிற கதை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் ஒன்பது பூக்களை ஆற்றில் விட்டாராம். ஒவ்வொரு பூவும் எங்கே கரை ஒதுங்கியதோ அங்கே ஒரு சிவன் கோயில். பாபநாசம், சேரன்மகாதேவி என்று தொடங்கி முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி வழியாக வந்து, கடைசிப் பூ சேர்ந்த இடம் இது. நவகைலாயம். கதையை நினைத்துப் பாருங்கள். பூ மிதந்துபோனது. முனிவர் என்ன செய்திருப்பார்? கரையோடு கூடவே நடந்திருப்பார். ஆற்றைவிட்டுக் கண்ணை எடுக்காமல், மலையிலிருந்து கடல்வரை. அவருக்கு வழி இருந்தது.

இப்போது நவகைலாயம் போகிறவர்களும், இதே ஆற்றோரத்து ஒன்பது பெருமாள் கோயில்களான நவதிருப்பதி போகிறவர்களும் பஸ்ஸில் போகிறார்கள். புரட்டாசி சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள். வயதானவர்களுக்கு அது பெரிய உதவி, வேண்டும்தான். ஆனால் ஒன்பது கோயிலையும் கோத்த நூல் ஆறு அல்லவா? ஆழ்வார்திருநகரியில் இறங்கி உறங்காப்புளி மரத்தைச் சுற்றி வந்து அடுத்த கோயிலுக்கு ஏறி உட்கார்ந்துகொள்கிறோம். நடுவில் ஆறு என்று ஒன்று இருப்பது பாலத்தில் சக்கரம் ஏறும்போதுதான் ஞாபகம் வருகிறது.

சாயங்காலம் புன்னைக்காயல். சாலை வழியாகத்தான் சேர்ந்தோம், மறைப்பானேன். ஆற்றுவாயில் வள்ளங்கள் கட்டிக் கிடந்தன. அலையாத்திக் காட்டின் வேர்கள் சேற்றிலிருந்து விரல் மாதிரி நீட்டி நின்றன. கரண்டிவாயன்கள் தலையை இடமும் வலமும் ஆட்டித் தண்ணீரைத் துழாவின. செங்காவித் தண்ணீர் கடலின் நீலத்துக்குள் போய்ச் சேருகிற இடத்தில் ஒரு கோடு தெரிந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "ஆத்துத் தண்ணி நல்லா வந்தாத்தான் எங்களுக்கு எறாலு" என்றார். மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளித்தது 1961. அதன்பிறகு கடலடி முத்துப்பார்களில் சிப்பி அந்த அளவுக்குச் சேரவில்லை. சங்குக்குளி மட்டும் மிச்சம். ஆற்றில் நாம் கொட்டுவதெல்லாம் இந்தக் கோட்டைத் தாண்டித்தான் கடலுக்குப் போகிறது. அதைக் கரையில் நின்று கண்ணால் பார்த்த ஒருவருக்குப் பாட்டிலை உடைக்க மனசு வருமா என்று எனக்குத் தெரியவில்லை. வராது என்றுதான் நம்புகிறேன்.

ஊருக்குத் திரும்பி, கரையில் நடக்க வழி கேட்டு மனு எழுதினேன். ஓர் அலுவலகத்தில் கரை எங்களுடையது, பாதை போடுவது எங்கள் வேலை இல்லை என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் பாதை போடலாம், கரை எங்களுடையது இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் நல்லவிதமாகக் கேட்டுக்கொண்டு, "அங்க யாரும்மா நடக்கப்போறா?" என்று கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாதை இல்லாததால் யாரும் நடக்கவில்லை, யாரும் நடக்காததால் பாதை தேவையில்லை. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்?

முடியாத காரியம் என்றால் வாயை மூடிக்கொள்வேன். 2018 அக்டோபரில், இதே ஐப்பசியை ஒட்டி, புஷ்கர நீராட்டு விழா வந்தது. பன்னிரண்டு நாள். படித்துறைகளைச் சுத்தம் செய்தார்கள், முள்ளை வெட்டினார்கள், விளக்குப் போட்டார்கள், பெண்கள் உடை மாற்ற மறைப்புக் கட்டினார்கள். கூட்டம் அலைமோதியது. எல்லாம் நம் ஆட்கள், நம் அலுவலகங்கள், நம் பணம். பதின்மூன்றாவது நாள் மறைப்பைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே ஆற்றங்கரைக்கு நேரில் வந்து சாக்கடை கலப்பதைப் பார்த்தார்கள். நீதிபதிகள் இறங்கி நடந்து பார்க்கிற நிலைக்கு ஓர் ஆற்றைக் கொண்டுவந்துவிட்டோமே என்று நமக்கு ஏன் உறைக்கவில்லை?

மகள் சிங்கப்பூரில் தினமும் காலையில் நடப்பது காலாங் ஆற்றோரம். பீஷான் பக்கம் அது ஒரு காலத்தில் நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாய். 2.7 கிலோமீட்டர் கான்கிரீட்டை உடைத்து, 3.2 கிலோமீட்டருக்கு வளைந்து ஓடுகிற ஆறாக 2012-இல் மாற்றினார்கள். மழை பெய்தால் ஆறு பூங்காவுக்குள் பரவும், மக்கள் மேலேறி வழிவிடுவார்கள், வடிந்ததும் மறுபடி நடப்பார்கள். இப்போது அங்கே நீர்நாய் குட்டி போடுகிறது என்று படம் அனுப்புவாள். இருந்த ஆற்றைத் தொலைத்தவர்கள் அதைத் திரும்பச் செய்து எடுத்துக்கொண்டார்கள். நமக்கு யாரும் ஆறு செய்து தர வேண்டியதில்லை. அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் கேட்பது பூங்கா இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆற்றங்கரையை அழகுபடுத்துகிறோம் என்று சிமென்ட் கல்லைப் பதித்து, எவர்சில்வர் கம்பி நட்டு, கொரியப் புல்லுக்கு ஆற்றுத் தண்ணீரையே ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அது வேண்டாம். இருக்கிற மண்கரையில் முள்ளை வேரோடு எடுங்கள். ஒரு ஆள் அகலத்துக்கு மேடு தட்டுங்கள். ஓரமாக மருதம், நாவல், புன்னை, பனை நடுங்கள். கரையையும் அதுவே பிடித்துக்கொள்ளும். வெள்ளம் வந்தால் தடம் முழுகட்டும், வடிந்தபின் நடப்போம். ஊருக்கு ஊர் பெண்கள் ஒதுங்க ஓர் இடம், பூட்டு இல்லாமல், தண்ணீரோடு. குப்பை கொட்ட வேறு இடம். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரிகிற வடகாலுக்கும் தென்காலுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கரைமேல் பார்வையிட வழி உண்டு. வாய்க்காலுக்கு இருக்கிற மரியாதை தாய் ஆற்றுக்கு வேண்டாமா?

மகள் கார்த்திகை பிறந்ததும் சிங்கப்பூர் திரும்பினாள். போகும்போது ஆத்தூர் வெற்றிலையை ஒரு புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப்போனாள். அடுத்த வருடமும் ஐப்பசியில் வருவதாகச் சொன்னாள். பங்குனியில் ஒருநாள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்:

"பெரியம்மா, அந்தத் தாத்தா வெட்டித் தந்தாவள்லா, அந்த வழி அப்படியே இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் ஏரலுக்கு பஸ் ஏறினேன். பெரியவர் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மண்வெட்டியை வைத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டினார்.

"மூடிட்டும்மா," என்றார்.